அத்தானின் கால்சட்டைப் பையில் எறும்பு

மஸ்கட்டிலிருந்து தூத்துக்குடிக்கு நான் எதற்காகப் போகிறேன் என்பதை விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரரிடம் சொல்லக் கூச்சமாக இருந்தது. அவர் காயல்பட்டினத்துக்காரர். மகளின் கல்யாணத்துக்குப் போகிறார். பேரீச்சம்பழப் பெட்டி ஒன்றை மடியில் வைத்து, பிறந்த குழந்தையைப் போல அணைத்துக்கொண்டிருந்தார். ஊருக்குப் போகிற காரணம் என்றால் அப்படியல்லவா இருக்க வேண்டும்.

“நீங்க என்ன விசயமாப் போறிய?” என்றார்.

“எங்க அத்தானோட கால்சட்டைப் பையில எறும்பு வருது.”

அவர் பெட்டியை என் பக்கத்திலிருந்து மறுபக்கத் தொடைக்கு நகர்த்திக்கொண்டார்.

ஆனால் அதுதான் உண்மை. அதற்கு முந்தின வாரம் எஸ்தர் அக்கா போனில் அழுதாள். “ஏலே, ஒங்க அத்தான் திருட்டுத்தனமா இனிப்பு திங்காரு. சக்கரை ஏறிக் கெடக்கு, டாக்டர் காலை எடுக்கணும்னு பயமுறுத்துதாரு. ஆனா துவைக்கப் போடுத பேன்ட்டுல எல்லாம் எறும்பு. கேட்டா கிரவுண்டு எறும்புங்காரு. கிரவுண்டு எறும்பு பைக்குள்ள போயி ஜெபக்கூட்டமா நடத்துது?”

அத்தான் ஜெபராஜ், தூத்துக்குடியில் ஒரு கல்லூரியின் உடற்கல்வி இயக்குநர். இந்த மாதக் கடைசியில் ஓய்வு. ஓய்வுக்கு முன் அவரது கடைசி ஓட்டப் போட்டி ஒன்று இருந்தது. அதற்கு வந்த மாதிரி வந்து, கூடவே சுற்றி, இனிப்பை எங்கே ஒளித்துவைத்துத் தின்கிறார் என்று நான் கண்டுபிடிக்க வேண்டும். நாலு பத்திரிகைகளில் நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறவனுக்கு உறவினர்கள் தரும் வேலை இந்த ரகத்தில்தான் இருக்கும். கண்ணீர் விடுகிற வேலைக்குச் சித்தப்பா பையனைக் கூப்பிடுவார்கள்.

தூத்துக்குடி தன் விருந்தாளியை முதலில் மூக்கில்தான் தொடுகிறது. கருவாடு, நிலக்கரி, ஏதோ அமிலம், அதன் மேல் யாரோ வடை சுடுகிற வாசனை. துறைமுகச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வீடு மாற்றுகிற யானைகளைப் போல ஒன்றன் பின் ஒன்றாக நின்றன. ஆட்டோக்கார அண்ணாச்சி வண்டியை அணைத்துவிட்டு எனக்கு ஊர் நிலவரம் சொன்னார். அதன் சாரம், நிலவரம் இல்லை என்பது. வங்கக் கடலில் எங்கோ ஒரு காற்றழுத்தம். துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள். யாரும் கடலுக்குப் போகவில்லை.

இதன் முழு அர்த்தம் எனக்கு மதியச் சாப்பாட்டில்தான் விளங்கியது. அக்கா சாம்பார் ஊற்றினாள்.

“அக்கா, நான் கடல் தாண்டி வந்துருக்கேன்.”

“கூண்டு ஏத்திருக்கான்லா. வாரம் ஒண்ணா வள்ளம் கூட எறங்கல. மீனுக்கு நான் எங்க போவேன்?”

மஸ்கட்டில் என் குளிர்பதனப் பெட்டியில் மீன் கல்லைப் போலக் கிடக்கும். அதைத் தட்டிக் குழம்பு வைக்கும்போதெல்லாம் நான் இந்த ஊர்ச் சாளையை நினைத்துத்தான் உயிரோடு இருந்தேன். இப்போது சாளையின் சொந்த ஊரில் உட்கார்ந்து முருங்கைக்காயைச் சப்பிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு இந்தக் கடற்கரையிலேயே அதிகம் பாதிக்கப்பட்டவன் நான்தான் என்று உண்மையாகவே நம்பினேன்.

அத்தான் சாயங்காலம் வந்தார். ஒல்லியான உடம்பு, கழுத்தில் விசில், வெயிலில் வெளுத்த தொப்பி. எதிரில் இருப்பவர் மைதானத்தின் மறுகோடியில் இருப்பதாக நினைத்துத்தான் யாரிடமும் பேசுவார். அக்கா சொல்வாள், கர்த்தரிடமும் அப்படித்தான் என்று. சபையில் அவர் ஜெபம் ஏறெடுத்தால் பக்கத்துத் தெருவில் கதவைத் திறந்து பார்ப்பார்கள்.

“மாப்ள! எப்ப வந்த? சாப்பிட்டியா? என்ன கொழம்பு?”

“சாம்பார், அத்தான்.”

“மூச்சு நல்லாருக்கு” என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். ஆணியில் தொங்கிய கால்சட்டையை நான் உளவாளியின் கடமையுணர்வோடு நெருங்கினேன். பையின் ஓரத்தில் எறும்புகள் வரிசையாக உள்ளே போய்க்கொண்டிருந்தன. கையை விட்டேன். பிசுபிசுப்பைத் தவிர வேறில்லை. எறும்பு மட்டும் கடித்தது.

அவருடைய வீட்டுக் கண்ணாடி அலமாரியில் கோப்பை எதுவும் கிடையாது. ஒரே ஒரு பதக்கம் இருக்கிறது, அது அக்கா தையலுக்கு வாங்கியது. மற்ற பயிற்சியாளர்களின் நல்ல மாணவர்கள் தொலைக்காட்சியில் வருவார்கள். அத்தானின் நல்ல மாணவர்கள் காணாமல் போவார்கள். இந்தப் பக்கத்தில் ஒரு பெண் ஓட வருகிறாள் என்றால் காற்று வாங்க வரவில்லை. போலீஸ், ரயில்வே, ஏதாவது ஒரு சீருடைக்காக வருகிறாள். ஓரளவு வேகம் வந்ததும் தேர்வில் எடுத்துவிடுவார்கள். அவள் போய்விடுவாள். அத்தான் மறுபடி முதலிலிருந்து, நிற்கத் தெரிந்த ஒருத்தியைப் பிடித்து ஓடச் சொல்லித் தர வேண்டும். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து இதுதான். நிரம்ப நிரம்ப ஓட்டை விழுகிற குடத்தில் தண்ணீர் ஊற்றுவதை ஒரு மனிதர் உத்தியோகமாகச் செய்து, அதற்கு ஓய்வூதியமும் வாங்கப் போகிறார்.

இந்த வருடமும் அப்படியே. நன்றாக ஓடிய இரண்டு பேர் போலீசுக்குப் போய்விட்டார்கள். மிச்சம் நான்கு பேர். ‘கிராஸ் கன்ட்ரி’ எனப்படும் காடுமேடு ஓட்டத்தில் ஒரு கல்லூரியிலிருந்து நான்கு பேராவது ஓடி முடித்தால்தான் அணி என்றே கணக்கு. மூன்று பேர் பறந்து வந்து, நான்காவது ஆள் வராவிட்டால், அந்தக் கல்லூரி ஓடவே இல்லை என்று பொருள்.

“மொத ஆளைக் கடவுள் கொடுத்துருவாரு” என்றார் அத்தான் இட்லியைப் பிய்த்துக்கொண்டே. “நாலாவது ஆளை நாமதான் உண்டாக்கணும். என் சர்வீஸ் பூரா நான் செஞ்சது நாலாவது ஆளு.”

“இப்ப யாரு நாலாவது?”

“வினிதான்னு ஒரு பிள்ள. பெரியதாழை, கடலுக்குப் போவுத குடும்பம். விடியுததுக்கு முந்தி மொத பஸ்ஸுல வந்துரும்.”

தாளாளர் அவரிடம் ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். இந்தப் போட்டியில் பெண்கள் அணி ஓர் இடம் பிடித்துவிட்டால், அத்தான் போன பிறகு அந்தப் பதவிக்கு வேறொரு பயிற்சியாளரை நியமிப்பார். இல்லாவிட்டால் வாரம் இரண்டு நாள் யோகா சொல்லித் தர யாரையாவது வைத்துக்கொண்டு, ஓட்ட அணியை மூடிவிடுவார். இதைச் சொல்லும்போது மட்டும் அத்தானின் குரல் பக்கத்தில் இருப்பவரிடம் பேசுகிற அளவுக்கு இறங்கியிருந்தது. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

மறுநாள் காலை பயிற்சி பார்க்கப் போனேன். ஓட்டப் பாதை கல்லூரி மைதானத்தில் தொடங்கி, உப்பளங்களுக்குள் போய், தூரத்தில் ஒரு முக்கில் திரும்பி, மறுபடி மைதானத்துக்கு வருகிறது. அந்த முக்கைப் போல வெறுமையான இடத்தை நான் ஓமன் பாலைவனத்தில்கூடப் பார்த்ததில்லை. பாலைவனத்தில் மேடு பள்ளமாவது இருக்கும், அடுத்த மேட்டுக்கு அப்பால் ஏதோ இருக்கிறது என்று ஏமாறலாம். உப்பளம் எதையும் மறைப்பதில்லை. இன்னும் எவ்வளவு தூரம் ஓட வேண்டும் என்பதை மொத்தமாக முன்னால் விரித்துப் போட்டுவிடுகிறது. அத்தான் எப்போதும் நிற்பது அங்கேதான். முடிவுக் கோட்டில் நிற்க அவருக்கு நேரம் கிடைத்ததில்லை. தன் பிள்ளைகள் ஒரு போட்டியையாவது முடித்து அவர் பார்த்ததில்லை.

“முடிவுக் கோட்டுல நிக்க ஊரே வரும். அங்க எவளும் உக்கார மாட்டா. உக்காருதது இங்கனதான்.”

முதல் பெண் முக்குக்கு வந்தாள். அவர் உற்சாகப்படுத்துவார் என்று எதிர்பார்த்தேன். அத்தான் கத்தினார்: “ஏளா, ராத்திரி என்ன கொழம்பு?”

“புளிக்கொழம்பு சார், அப்பளம், அப்புறம் அம்மா கொஞ்சம்...”

“கதை பேசுதியா? முடுக்கு!”

அவள் பறந்தாள். அடுத்தவள் “ரசம்” என்றாள். அவளுக்குத் தலையை மட்டும் ஆட்டினார். மூன்றாமவள் “போங்க சார்” என்றாள். அதற்கும் தலையாட்டல். எனக்கு விளக்கினார். பதில் நீண்டால் அவள் சும்மா ஓடுகிறாள். ஒன்றிரண்டு வார்த்தையில் வந்தால் அளவான வேகம். பதிலே வராவிட்டால் மூச்சு போய்விட்டது. கருவி எதுவும் வேண்டாம், ஒரு குழம்பு போதும். எனக்கு இது மிகவும் பிடித்துவிட்டது. கட்டுரைக்கு ஆகும் என்று மனதில் குறித்துக்கொண்டேன்.

கடைசியாக வினிதா வந்தாள். கறுத்து மெலிந்த பெண், முழங்கையை அகல விரித்து, கூட்டத்தில் வழி கேட்கிறவளைப் போல ஓடினாள்.

“ஏளா, என்ன கொழம்பு?”

“கஞ்சி.”

அத்தான் எனக்கு முதுகைக் காட்டியபடி அவளோடு சில அடிகள் ஓடினார். அவள் தாண்டிப் போகும்போது ஒரு கன்னம் புடைத்திருந்தது. பல்வலி போலிருக்கிறது.

“அந்தப் பிள்ளைக்குக் கிராம்பு வைக்கச் சொல்லுங்க அத்தான்” என்றேன்.

அவர் என்னை விநோதமாகப் பார்த்து, “சொல்லுதேன்” என்றார்.

போட்டிக்கு முந்தின நாள் பாதைக்குக் கோடு போட வேண்டும். உலகம் முழுவதும் இதைச் சுண்ணாம்புத் தூளில் போடுவார்கள். நான் உதவும் ஆர்வத்தில் ஒரு வாளி சுண்ணாம்பை எடுத்துப் போய் உப்பள வரப்பில் நேர்த்தியாகத் தூவி முடித்தேன். நிமிர்ந்து பார்த்தால் கோட்டைக் காணோம். சிந்திக் கிடந்த உப்பும் வெள்ளை, சுண்ணாம்பும் வெள்ளை. உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்கள் இருவர், வேலையை நிறுத்திவிட்டு, நான் இல்லாத கோட்டை நேராக்குவதை வெகு நேரம் ரசித்திருக்கிறார்கள்.

“அண்ணாச்சி, இன்னும் கொஞ்சம் வலப் பக்கம் கோணுது!” என்றாள் ஒருத்தி.

இங்கே கோடு கரித்தூளில்தான். ஊரின் கூரை, கொடியில் காயும் துணி, நுரையீரல் எல்லாவற்றிலும் இலவசமாகப் படிகிற பொருளுக்கு அத்தான் ஒருவர்தான் ஒரு பயன் கண்டுபிடித்திருந்தார். அவரது ஸ்கூட்டரில் ஒரு சாக்குக் கரித்தூளைக் கட்டிப்பிடித்து நான் பின்னால் உட்கார்ந்தேன். சாலைப் பள்ளம் ஒன்றில் வண்டி இறங்கியது, சாக்கு பிரிந்தது. பக்கத்தில் வந்த வடநாட்டு லாரிக்காரர் வண்டியை நிறுத்தி, இந்தியில் தன் கிளீனரிடம் சொன்னது எனக்குப் புரிந்தது. மஸ்கட்டில் இந்தி இல்லாமல் பிழைக்க முடியாது. “பார், இந்த ஊரில் கிழவர்களைச் சுரங்கத்துக்கு அனுப்புகிறார்கள்” என்றார். எனக்கு ஐம்பத்து மூன்று வயதுதான் ஆகிறது.

அந்தக் கோலத்தில், தலைக்கவசமும் இல்லாமல், ஒரு சந்திப்பில் போலீசிடம் மாட்டினோம். மறித்தது ஒரு பெண் காவலர். கன்னம் உப்பிய, கண்டிப்பான முகம். அத்தானைப் பார்த்ததும் லத்தியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார்.

“சார், ராத்திரி என்ன கொழம்பு?”

“ஏளா, நீ ஒன் ஜோலியப் பாரு.”

“ஹெல்மெட் எங்க சார்? இந்த அண்ணாச்சிய எந்த அடுப்புலருந்து எடுத்துட்டு வாரிய?” பிறகு குரலைத் தாழ்த்தி, “சார், இருக்கா?” என்று உள்ளங்கையை நீட்டினார்.

அத்தான் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுப் பைக்குள் கைவிட்டு, எதையோ அந்தக் கையில் அழுத்தினார். காவலர் சிரித்தபடி வண்டிகளை நிறுத்தி எங்களுக்கு வழிவிட்டார். சபையில் காணிக்கைத் தட்டு ஏந்துகிற மனிதர் நடுச்சந்தியில் லஞ்சம் கொடுக்கிறார்! அதுவும் தன்னிடமே படித்த பெண்ணுக்கு! அயல்நாட்டில் வாழ்கிறவர்களுக்கு மட்டும் வாய்க்கிற அந்த மேலான துக்கத்தோடு வீடு போய்ச் சேர்ந்தேன். அக்கா என்னை வாசலிலேயே நிறுத்தி வாளித் தண்ணீரை ஊற்றினாள்.

அன்று ராத்திரி அத்தான் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நாளை அவர் முக்கில் நிற்க முடியாது. ஓய்வுபெறுகிறவருக்குப் பொன்னாடை போர்த்த ஒரு சிறப்பு விருந்தினர் வருகிறாராம். அவரைக் காலையில் தங்குமிடத்திலிருந்து அழைத்து வருவதும், ஓட்டம் முடிகிற வரை மேடையில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதும் அத்தானின் பொறுப்பு என்று தாளாளர் சொல்லிவிட்டார். பதவியை நிரப்பப்போகிற கை தாளாளருடையது. மறுக்க முடியாது.

“முக்குல நீ நில்லு மாப்ள. வேற எவனும் நின்னா ‘கமான் கமான்’னு கத்துவான். நீ கத்தாத. ‘இன்னும் கொஞ்ச தூரந்தான்’னு பொய்யும் சொல்லாத, பிள்ளைகளுக்குக் கண்ணு தெரியும். கொழம்பு மட்டும் கேளு.”

“சரி, அத்தான்.”

அவர் எழுந்து நின்றார். கை பையை நோக்கிப் போயிற்று. என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். கை வெறுமனே வெளியே வந்தது.

“அவ்வளவுதான்” என்றார்.

போட்டி நாளில் காற்று அடங்கவில்லை. கூண்டும் இறங்கவில்லை. முக்கில் நானும், தொலைவில் குடைக்குள் கொடியோடு ஒரு நடுவரும். கரிக்கோடு வெள்ளை நிலத்தில் அடக்க ஊர்வலம் போன தடத்தைப் போல நீண்டு கிடந்தது. ஓட்டம் இரண்டு சுற்று. முதல் சுற்றில் பல கல்லூரிப் பெண்கள் என்னைக் கடந்தார்கள். நம் பிள்ளைகளின் சட்டை பச்சை. முதல் பச்சையிடம் கேட்டேன். “சாம்பார்!” என்றாள். நம் துயரத்தில் பங்கெடுக்கிறவள். அடுத்தவள் “கூட்டு.” மூன்றாமவள், “போங்க... அண்ணாச்சி.” எல்லாம் அளவு. மூவரும் முன்வரிசையில் இருந்தார்கள். எனக்கே ஒரு விசில் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம் என்று தோன்றியது.

வினிதா வந்தாள்.

“ஏளா, என்ன கொழம்பு?”

“ஒண்ணும் இல்ல.”

இரண்டு வார்த்தை, நடுவில் மூச்சு உடையவில்லை. பாடத்தில் சொன்ன அளவு. தலையை ஆட்டினேன். ஆனால் அவள் வேகத்தைக் குறைத்து என் கையைப் பார்த்தாள். பிறகு என் கால்சட்டைப் பையைப் பார்த்தாள். பையில் போன் இருந்தது. இந்தக் காலத்துப் பிள்ளைகள், படம் எடுக்கச் சொல்கிறாள் என்று புரிந்துகொண்டேன். எடுத்தேன். அவளும் கையை நீட்டி ஆட்டினாள். சிரிக்கவில்லை. பிறகு முழங்கைகளை விரித்துக்கொண்டு காற்றுக்குள் போய்விட்டாள்.

இரண்டாம் சுற்றில் மூன்று பச்சைச் சட்டைகள் என்னைக் கடந்தன. நான்காவது வரவில்லை. வேறு நிறச் சட்டைகள் எல்லாம் வந்து முடிந்தன. நடுவர் குடையை மடக்கினார். அவர்கள் ஓடி வந்த பாதையில் எதிர்த்திசையில் நடந்தேன், பிறகு ஓடினேன், பிறகு என் வயிறு என்னை நடக்கச் சொன்னது. உப்புக் குவியல் ஒன்றின் ஓரத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள். நேற்று என் கோட்டைக் கேலி செய்த பெண்ணின் தோளில் சாய்ந்திருந்தாள். உதடு வெளுத்துப்போயிருந்தது.

“வெறும் வயித்துல ஓடுனா பிள்ள சுருண்டுராதா?” என்று அந்தப் பெண் என்னைப் பார்த்துக் கேட்டாள், நான்தான் பெற்றவன் என்பதைப் போல.

மேடையில் அத்தான் பொன்னாடையோடு நின்றிருந்தார். தன் பிள்ளைகள் ஓடி முடிப்பதை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தார். மூன்று பேர் முடித்ததைப் பார்த்தார். அதற்குப் பிறகு வெறும் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். விருந்தினர் அவருடைய சேவையைப் பற்றி மைக்கில் பேசிக்கொண்டிருக்கும்போதே மேடையிலிருந்து இறங்கி வந்துவிட்டார்.

ஓர் ஆசிரியை வினிதாவை மர நிழலில் உட்கார வைத்து குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் அத்தானை வழியில் பிடித்தேன். எனக்கு என் பக்க நியாயத்தைச் சொல்லியாக வேண்டியிருந்தது.

“கேட்டேன் அத்தான். ‘ஒண்ணும் இல்ல’ன்னு தெளிவாச் சொன்னா. மூச்சு சரியா இருந்துச்சு. பாருங்க, கை கூட ஆட்டுனா.”

போனை நீட்டினேன். படத்தில் வினிதா என்னை நோக்கிக் கையை நீட்டியிருந்தாள். கை ஆடவில்லை. உள்ளங்கை மேல் நோக்கி, விரல்கள் லேசாகக் குவிந்து, எதையோ வாங்குவதற்காக விரிந்திருந்தது. முந்தின நாள் சந்திப்பில் அந்தக் காவலர் நீட்டியதும் அதே கைதான்.

அத்தான் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு திருப்பித் தந்துவிட்டு அவளிடம் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். பொன்னாடையின் சரிகை மண்ணில் புரண்டது. பைக்குள் கைவிட்டு, காகிதத்தில் மடித்த சில்லுக் கருப்பட்டி ஒன்றை எடுத்து நீட்டினார். விரல் நுனி அளவுக்கு ஒரு வில்லை. கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டால் ஓடி முடிகிற வரை கரையும்.

அவள் வாங்கவில்லை. “இனி எதுக்கு சார்?” என்றாள்.

அவர் காகிதத்தை மறுபடி மடித்தார். ஓர் எறும்பு அவருடைய மணிக்கட்டில் ஏறிப் போனது.

திரும்பும்போது ஸ்கூட்டரில் அவர் முன்னால் பார்த்தபடியே பேசினார். காற்றில் பாதிதான் என்னிடம் வந்தது. “கொழம்பு கேக்குதது மூச்சுக்குத்தான். ஆனா மூச்சு மட்டும் இல்ல மாப்ள. புளிக்கொழம்புன்னா பரவால்ல. ரசம்னா ஒரு கண்ணு வைக்கணும். கஞ்சின்னா கொடுக்கணும். ஒண்ணும் இல்லன்னு சொல்ல எந்தப் பிள்ளைக்கும் வாய் வராது. அவ சொல்லிருக்கா.”

“ஏன் அத்தான் எனக்கு இதைச் சொல்லல?”

“ஓடுதவளுக்கு வெளியாள் எதையும் கொடுக்கக் கூடாதுன்னு விதி. பாத்தான்னா பிள்ளைய ஓட்டத்தவிட்டே தூக்கிருவான். வேலைக்கு வந்ததுலருந்து நான் செஞ்சது கள்ளத்தனம். ஒன்கிட்ட சொன்னா நீ எழுதிருவ.”

எழுதியிருப்பேன். குழம்புக்கு அப்போதே தலைப்புகூட யோசித்து வைத்திருந்தேன்.

“இனி எழுதிக்கோ” என்றார். “அணிதான் இல்லையே.”

தாளாளர் நல்ல மனிதர், யாரையும் காக்க வைப்பதில்லை. மறுநாள் மதியத்துக்குள் யோகா தீர்மானமாகிவிட்டது. அத்தான் பள்ளிக்கூட மணி கேட்டவரைப் போலத் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். வினிதாவுக்கு இரண்டு வருடப் படிப்பு மிச்சம் இருக்கிறது. போலீஸ் தேர்வு வரை யார் அவளை ஓட வைப்பார்கள் என்று நான் கேட்கவில்லை.

நான் கிளம்புகிற அன்று கூண்டு இறங்கியது. பேக்கரியில் மக்ரூன் வாங்கப் போனவன், வழியெல்லாம் சாளை கூவுகிற குரல் கேட்டேன். அக்கா அவசரமாகக் குழம்பு வைத்து எனக்கு ஊற்றினாள். பல வருடம் நான் கனவு கண்ட குழம்பு. இலையில் பாதி மிச்சமிருக்கும்போதே எழுந்துவிட்டேன்.

“என்னல, காரமா?” என்றாள். பிறகு சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு, ரகசியமாக, “கண்டுபிடிச்சியா? திங்காரா?”

“இல்லக்கா. அத்தான் வாயில ஒரு துணுக்கு வைக்கல. சத்தியமா.”

“அப்பொ பையில உள்ளத யாரு திங்கா?”

“எறும்புதான்.”

விதியை மீறிய கதையை அவளிடம் சொல்வது அத்தானின் உரிமை என்று விட்டுவிட்டேன். அவள் என்னைத் தண்டத்துக்கு வந்தவன் என்று தீர்மானித்து, நான் அவளுக்குப் பேரீச்சம்பழம் கொண்டுவந்த பையிலேயே மக்ரூன் டப்பாவை வைத்துக் கட்டினாள்.

சென்ற வாரம் மஸ்கட்டில் அவளுடைய அழைப்பு வந்தது. குரலில் அவ்வளவு தெளிவு. “ஏலே, நல்ல சேதி. சக்கரை கொறஞ்சிருக்கு. டாக்டரே ஆச்சரியப்படுதாரு. பேன்ட்டுல ஒத்த எறும்பு கெடையாது. ஆனா காலைல எந்திச்சு அந்த முக்குக்கு மட்டும் போயி நின்னுட்டு வாராரு. யாரு வாரா அங்க? நிக்கட்டும், நடந்தா காலுக்கு நல்லதுலா?”

“நல்லதுதான்க்கா. அத்தான்கிட்ட கொடு.”

போன் கைமாறியது. அந்தப் பக்கம் யாரும் இருப்பதாகவே தெரியவில்லை. மைதானத்தின் மறுகோடிக்குக் கேட்கிற குரலை அவர் எங்கேயோ வைத்துவிட்டார். எனக்குத் தெரிந்த ஒன்றைக் கேட்டேன்.

“அத்தான், நேத்து என்ன கொழம்பு?”

“ஒண்ணும் இல்ல, மாப்ள.”

பின்னாலிருந்து அக்காவின் குரல் பாய்ந்து வந்தது. “ஏன் பொய் சொல்லுதிய? சாளை வச்சுக் கொடுத்தேன்லா! ஏலே, அவரு சொல்லுதத நம்பாத, வயிறு முட்டத் தின்னாரு!”